மங்கு துடைக்கும் நேரம்

என் மேசைமேல் ஒரு பால் மங்கு இருக்கிறது. வெள்ளைப் பீங்கான். விளிம்பில் நெல்லளவு உடைந்திருக்கும். உள்ளே அடியில், எத்தனை முறை தேய்த்தாலும் போகாத பழுப்பு வளையம். ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்தபோது ஆயா, என் பாட்டி, கையோடு எடுத்து வந்தது. இப்போது என் பேனாக்கள் அதில்தான் நிற்கின்றன.

போன வாரம் ஒரு காலை, தாசேக் கெலுகோர் வீட்டு முன்கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பாயான் லெப்பாஸ் அலுவலகத்துச் சர்வர் ஒன்றில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பாட்மேன் என்ற மென்பொருள் ஓட்டும் கன்டெய்னர்களின் ஸ்டோரேஜ்தான் இடத்தை எல்லாம் விழுங்கியிருந்தது. 'பாட்மேன் சிஸ்டம் ரீசெட்' என்று அடித்தேன். கன்டெய்னர், இமேஜ், வால்யூம், நெட்வொர்க் எல்லாம் போய்விடும், தொடரட்டுமா என்று திரை கேட்டது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு ஒய், பெரிய எழுத்தில் ஒரு என். எதுவும் சொல்லாமல் என்டரைத் தட்டினால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லோரி போனது. ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லோரி. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தும், பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த வாடை சன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது. என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னாப்பா இப்படி நாறுது?" என்று கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. ரப்பர் மரத்தை அவள் நெருங்கிப் பார்த்ததே இரண்டு மூன்று முறைதான். எனக்கோ தோளில் காண்டா வாளியோடு ஆயா வாசலில் வந்து நிற்பது போலிருந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பள்ளி விடுமுறை என்றால் ஆயாவோடு பால் வெட்டுக்குப் போவேன். விடியுமுன் பெரட்டு. இருட்டில் ஆள் முகம் தெரியாது. நெற்றி விளக்குகள் மட்டும் வரிசையாக நிற்கும், கங்காணி பேர் கூப்பிட ஒவ்வொரு விளக்கும் நகரும். மழை பெய்திருந்தால் மரப்பட்டை ஈரமாக இருக்கும், அன்றைக்கு வெட்டு கிடையாது, சம்பளமும் கிடையாது. வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

ஆயாவின் நிரையில் நானூறுக்குக் குறையாத மரங்கள். உளியைப் பிடித்து மரத்தைச் சுற்றி அவர் இழுக்கும் சாய்வான கோடு, ஒரு காகிதக் கனத்துக்குமேல் பட்டையை எடுக்காது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த வேலை எனக்குக் கிடையாது. என் வேலை அவருக்கு நாலு மரம் முன்னால் ஓடி மங்கு துடைப்பது.

மங்கு துடைப்பதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. முந்தின வெட்டில் பால் எடுத்துப் போன பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பால் மங்கின் அடியில் உறைந்து கட்டியாகிவிடும். வெட்டுக்கோட்டின் மேலும் ஒரு நாடாபோல ஒட்டுப்பால் காய்ந்து கிடக்கும். அதை இழுத்தால் நீளமாகக் கையோடு வரும், அதில் ஒரு சுகம் உண்டு. கட்டியை எடுத்த பிறகு மங்கின் உள்பக்கம் மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருக்கும். கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரே சுற்றில் அதை உரித்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டுவைத்தாலும் அந்த அழுக்கிலிருக்கும் கிருமி புதுப்பாலைக் கெடுத்துவிடும். ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன்னே பால் திரிந்துபோகும். நிறுக்கும்போது கிராணியின் முகம் மாறும்.

"மொதல்ல எடு, அப்புறம் துடை. எடுத்தாச்சா?" என்று இருட்டிலிருந்து ஆயாவின் குரல் வரும். மரத்துக்கு மரம் இதே கேள்விதான். "எடுத்தாச்சு ஆயா" என்று நான் கத்த வேண்டும்.

ஒருநாள் எனக்கு அவசரம். சீக்கிரம் முடித்தால் ஆற்றோரம் மீன் பிடிக்கப் போகலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருந்தான். கட்டியை எடுத்துச் சாக்கில் போட நின்றால் நேரமாகிறதென்று, மங்கைத் தலைகீழாகத் தட்டிப் புல்லில் கொட்டிக்கொண்டே ஓடினேன். மங்கு பளிச்சென்று இருந்தது. ஆயாவும் வெட்டிக்கொண்டே வந்துவிட்டார். நாற்பது மரம் தாண்டிய பிறகுதான் என் இடுப்பில் தொங்கிய சாக்கு காலியாக ஆடுவதைப் பார்த்தார்.

திட்டவில்லை. உளியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். நாற்பது மரத்தடியிலும் குனிந்து, ஈரப் புல்லை விலக்கி, ஒவ்வொரு கட்டியாகப் பொறுக்கினார். நான் பின்னாலேயே அழுதுகொண்டு போனேன். கட்டிப்பாலையும் தனியாக நிறுத்துத்தான் காசு கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காசு புத்தகத்துக்கும் பள்ளிச் சட்டைக்கும் என்று ஆயா ஒதுக்கி வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அம்மா பால் வெட்டவில்லை. பெருநிலத்திலிருந்து தீவுக்குப் பினாங்குப் பாலம் 1985இல் திறந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை பஸ் வர ஆரம்பித்தது. 1972இல் வயலாக இருந்த பாயான் லெப்பாஸில் இன்டெல் வந்து இறங்கியது முதல் எத்தனையோ கம்பெனிகள். அம்மா அவற்றில் ஒன்றுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் குனிந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் வரும்போது கண் சிவந்திருக்கும். ஆயா அம்மாவின் கையைப் பிடித்துப் பார்ப்பார். பால் கறை இல்லாத கை. அதைப் பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு நிறைவு.

கன்டெய்னர் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ரயில் கேட்டில். தாசேக் கெலுகோர் ஸ்டேஷன் அப்போது சின்னது, ஒற்றைத் தண்டவாளம். பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு சரக்கு ரயில் வரும். தென் தாய்லாந்து ரப்பர் எல்லாம் அதில்தான் கப்பலுக்குப் போகிறது என்று அப்பா சொல்வார். கேட்டைச் சாத்தியதும் நானும் தம்பியும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டி எண்ணுவோம். சிவப்புக்கு நான், நீலத்துக்கு அவன். "உள்ளே என்னாண்ணே இருக்கும்?" என்று அவன் ஒவ்வொரு முறையும் கேட்பான். எனக்கும் தெரியாது. இப்போது இரட்டைத் தண்டவாளம், மேலே மின்கம்பி, கேட்டும் இல்லை. கொமுட்டர் ரயில் சத்தமில்லாமல் வந்து போகிறது. பெட்டி எண்ண யாரும் நிற்பதில்லை.

1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 அலுமினியப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய சரக்கு, பெட்டியோடு ஏறிப் பெட்டியோடு இறங்கத் தொடங்கியது. உள்ளே என்ன இருக்கிறதென்று துறைமுகத்துக்காரருக்குத் தெரிய வேண்டியதே இல்லை, பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும். கணினிக்காரர்கள் கன்டெய்னர் என்ற அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் பைகான் மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசி அறிமுகப்படுத்திய டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளின் பெயருக்கே துறைமுகத் தொழிலாளி என்றுதான் பொருள். அந்தப் பேச்சின் வீடியோவை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ரயில் கேட்டும் தம்பியும்தான்.

கணினிக் கன்டெய்னர் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. இமேஜ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. கீழே இருக்கும் தாள்களில் யாரும் எழுத முடியாது. கன்டெய்னர் ஓடத் தொடங்கியதும் மேலே ஒரு வெற்றுத் தாள் விழும், எழுதுவதெல்லாம் அதில்தான். கீழ்த்தாளில் இருக்கும் ஒரு ஃபைலை நீங்கள் அழித்தால் அது உண்மையில் போகாது. மேல்தாளில் அந்த இடத்தை மறைத்து ஒரு வெள்ளை ஒட்டு விழும், அவ்வளவுதான். அதனால்தான் அப்படி எவ்வளவு அழித்தாலும் டிஸ்க்கில் இடம் திரும்புவதில்லை. ஓவர்லே என்ற முறை இது. இது கிடைக்காத இடத்தில் பாட்மேன் விஎஃப்எஸ் என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதில் தாள் கிடையாது, ஒவ்வோர் அடுக்குக்கும் முழுப் பிரதி. ஒரு வரி சேர்க்க நோட்டுப் புத்தகம் முழுவதையும் மறுபடி எழுதுவது போன்றது. டிஸ்க் எப்படித் தாங்கும்?

இந்த அடுக்குகளுக்கெல்லாம் வெளியே தனியாக ஒன்று இருக்கிறது. அதுதான் வால்யூம். கன்டெய்னர் போனாலும் இருக்க வேண்டிய தரவை அதில் வைப்பார்கள். இமேஜ் போனால் வலையிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வால்யூம் போனால் போனதுதான்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினோம். அப்போது நான் இருந்த கம்பெனியில் சோதனைச் சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. ரூட் அதிகாரம் இல்லாத பொதுக் கணக்கில் பாட்மேன் ஓடியது. அப்படி ஓவர்லே ஓடத் தேவையான சின்ன மென்பொருள் ஒன்று நிறுவப்படாததால் பாட்மேன் விஎஃப்எஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். ஒரு வெள்ளிக்கிழமை டிஸ்க் முழுதாக நிரம்பி நின்றுவிட்டது.

ஸ்டோரேஜ் அமைப்புக் கோப்பைத் திறந்து விஎஃப்எஸ்ஸை ஓவர்லே என்று மாற்றினேன். பாட்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. நீ ஓவர்லே கேட்டாலும் என் தரவுத்தளத்தில் விஎஃப்எஸ் என்றுதான் எழுதியிருக்கிறது, அதன்படிதான் நடப்பேன் என்று எச்சரித்தது. பாட்மேனின் ஸ்டோரேஜ் அடைவை நேரடியாக அழித்துப் பார்த்தேன். பாதியில் அனுமதி இல்லை என்று நின்றது. கன்டெய்னருக்குள் உருவான பல ஃபைல்கள் வெளியே லட்சத்துக்கு மேற்பட்ட ஓர் எண்ணின் பெயரில் கிடக்கும். என் வீட்டுக்குள்ளேயே யாரோ தெரியாதவர் பூட்டிய அறை மாதிரி. வழியாக மிஞ்சியது சிஸ்டம் ரீசெட்தான். அதற்குத்தான் அந்தக் கட்டளையே இருக்கிறது.

டாக்கரில் எனக்குப் பழகிய கட்டளை 'சிஸ்டம் புரூன்'. அது பயன்படாத கன்டெய்னரையும் தொங்கும் இமேஜையும் துடைக்கும். நீங்களாகச் சொன்னால் ஒழிய வால்யூமைத் தொடாது. பல வருடம் அதை ஓட்டி ஓட்டி என் கைக்குள் ஒரு தைரியம் வந்துவிட்டது. ரீசெட் அப்படி இல்லை, வால்யூமையும் சேர்த்தே எடுத்துவிடும். கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அன்று நான் அதைப் படிக்கவில்லை. ஒய் என்று அடித்து என்டரைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் சர்வர் பளிச்சென்று ஆனது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் இடம். அந்த மகிழ்ச்சியில் போய்த் தேநீர் கலந்து குடித்தேன்.

திங்கட்கிழமை காலை கெப்பாலா பத்தாஸ் பக்கத்து மலாய்த் தம்பி ஒருவன் அழைத்தான். எங்கள் குழுவில் இளையவன், ஒரு கருவியின் வெப்பச் சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தான். 19 நாள் அளவீடு, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரு வால்யூமில் இருந்தது. அந்த வால்யூமுக்கு அவன் பெயர்கூட வைத்திருக்கவில்லை. பெயர் வைக்காவிட்டால் பாட்மேனே 64 எழுத்தில் ஒரு பெயரைக் கொடுத்துவிடும். பார்த்தால் குப்பை மாதிரித்தான் தெரியும்.

"பாங், என் டேட்டாவைக் காணோம்" என்றான். எனக்குப் புரிந்த நொடியில் வயிறு காலியானது. புல்லில் கொட்டிக்கொண்டு ஓடிய அந்த விடியற்காலைதான் நேரே கண்முன் வந்தது.

நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பக்கம் சத்தமில்லை. அப்புறம், "தக் ஆப்பா, பாங்" என்றான். பரவாயில்லை அண்ணே என்று. அந்த வார்த்தையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று முதல் 19 நாள் அவன் சோதனையை மறுபடி ஓட்டினான். நோன்பு மாதம் வேறு. ஒவ்வொரு ராத்திரியும் அவன் அளவீட்டை நகல் எடுத்து வேறொரு மெஷினில் வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அதைத் தவிர அவனுக்குச் செய்ய எனக்கு வேறெதுவும் இருக்கவில்லை.

ஆயா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். வால்யூம் என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது, ஆனால் எடுக்காமல் துடைத்தாய் என்பதை அவருக்கு இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்திருக்காது.

தோட்டத்தை விற்றபோது லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை போடப் போகிறார்கள் என்றார்கள். மூன்று தலைமுறை இருந்த வீட்டை ஒரே நாளில் காலி செய்தோம். கட்டில், பலகை, தண்ணீர்த் தொட்டி எதையும் ஆயா திரும்பிப் பார்க்கவில்லை. "அதெல்லாம் வாங்கிக்கலாம்" என்றார். முதலில் லோரியில் ஏறியது தகர டிரங்குப் பெட்டி. அதில் அப்பாவின் பிறப்புப் பத்திரம், தாத்தா கப்பலில் வந்தபோது கொண்டுவந்த ஒரு கிழிந்த காகிதம், ஆயாவின் சிவப்பு அடையாள அட்டை. கடைசிவரை அவருக்கு அந்தச் சிவப்பு அட்டைதான், குடியுரிமைக்கான நீலம் கிடைக்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் துணியில் சுற்றி இந்த மங்கு. ஒரு மங்கு மட்டும் எதற்கென்று அப்பா கேட்டார். ஆயா பதில் சொல்லாமல் பெட்டியைப் பூட்டினார்.

போன வாரம் அந்தக் காலை, கட்டிப்பால் லோரி போய்விட்டது. வாடை இன்னும் கொஞ்சம் கூடத்தில் இருந்தது. நான் எதுவும் அடிக்காமல் என்டரைத் தட்டி ரீசெட்டிலிருந்து வெளியே வந்தேன். வால்யூம் பட்டியலை எடுத்தேன். ஏழு இருந்தன. நாலுக்குப் பெயர் உண்டு. மூன்றுக்கு 64 எழுத்து. பெயருள்ளதை டார் கோப்பாக ஏற்றுமதி செய்வது எளிது. பெயரில்லாத மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே பார்த்தேன். ஒன்று வெறும் தற்காலிகக் குப்பை. இன்னொன்று காலி. மூன்றாவதில் யாரோ ஒரு சின்னத் தரவுத்தளம் வைத்திருந்தார்கள், கடைசியாக எழுதியது முந்தின நாள்.

அது யாருடையதென்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். "அங்கிள், அது எனக்கு வேணும், எங்கே வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டேன்" என்றாள் பதறி. எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். டார் கோப்புகளை வேறு மெஷினுக்கு அனுப்பி, அங்கே அவிழ்த்துப் பார்த்து, எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று சோதித்தேன். இமேஜ்களில் ஒன்றே ஒன்றைச் சேமித்து வைத்தேன், அதைக் கட்டிய குறிப்பு எங்கேயோ தொலைந்திருந்ததால். மற்றதெல்லாம் இறக்கிக்கொள்ளக் கூடியவை. இந்தச் சர்வரின் லினக்ஸ் கெர்னல் 5.13க்குப் பிந்தையது, ரூட் இல்லாமலேயே ஓவர்லே ஓடும். அமைப்புக் கோப்பில் அதையும் எழுதி வைத்தேன்.

இதற்குள் மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பேனாக்களை எடுத்து மேசையில் பரப்பி, மங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்த பழுப்பு வளையத்தைக் கட்டைவிரலால் சுரண்டினாள்.

"இது போகாதாப்பா?"

"போகாதும்மா."

ரீசெட் கட்டளையை மறுபடி அடித்தேன். திரை அதே கேள்வியைக் கேட்டது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். கன்டெய்னர், இமேஜ், வால்யூம். "எடுத்தாச்சா?" என்று என்னையறியாமல் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து மகள் மேசையைப் பார்த்தாள். பேனா எல்லாம் வெளியே கிடந்தது. "எடுத்தாச்சுப்பா" என்றாள்.

ஒய் என்று அடித்தேன்.